நட்பு எண்களைத் தேட ஐந்து வழிகள்: எது யாருக்கு?

ஐப்பசி பிறந்துவிட்டால் கோத்தகிரியில் மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். போட்டால் எரியுமா என்பது வேறு விஷயம். எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்திருக்கும். அப்படிக் கரண்ட் போன ஒரு சனிக்கிழமை, குன்னூர்ப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர் போனில் கேட்டார்: "சார், பிள்ளைங்க இந்த வருஷம் கண்காட்சிக்கு நட்பு எண்கள் எடுத்திருக்காங்க. ஆளுக்கு ஒரு வழி சொல்றாங்க. எதைப் பிடிச்சுக்கறதுங்க?"

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் உதகையில் கணிதம் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர் தன் ப்ராஜெக்டுக்கு இதே தலைப்பைச் சொல்லியிருந்தார். அப்புறம் கூடலூரிலிருந்து பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன்: "லேப்டாப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு சார் கையால போடணும்?" மூன்று பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 220ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்களில் 220ஐ மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டுங்கள்: 1 + 2 + 4 + 5 + 10 + 11 + 20 + 22 + 44 + 55 + 110 = 284. இப்போது 284க்கும் அதையே செய்யுங்கள்: 1 + 2 + 4 + 71 + 142 = 220. இப்படி ஒன்றின் காரணிகள் மற்றொன்றாகக் கூடி வரும் ஜோடிக்குத்தான் நட்பு எண்கள் என்று பெயர். 6, 28 போலத் தன் காரணிகளின் கூட்டலாகத் தானே வரும் எண் நிறைவெண். தனக்குத் தானே நண்பனாக இருப்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

220–284 பண்டைய கிரேக்கர்களுக்கே தெரிந்த ஜோடி. இன்று நூறு கோடிக்கும் மேற்பட்ட ஜோடிகள் தெரியும். அவை முடிவில்லாமல் போகின்றனவா என்பதை மட்டும் இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஒரு லட்சத்துக்குள் இருப்பவை வெறும் 13தான். இந்த 13ஐ வைத்துத்தான் கீழே ஒவ்வொரு வழியையும் சோதிக்கப் போகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

கொழுந்து எடை போடும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்கள். வழிகளுக்கும் அப்படிக் கழிக்க வேண்டியது உண்டு.

முதல் கேள்வி: இந்த வழி புது ஜோடியைக் கண்டுபிடிக்குமா, கையில் கிடைத்த ஜோடியைச் சரிபார்க்க மட்டும் உதவுமா? பலரும் குழம்புவது இங்கேதான். இரண்டாவது: எதையும் தவறவிடாமல் பிடிக்குமா? மூன்றாவது: நடுவில் ஒரு பிழை விட்டால் அது உடனே தெரியுமா, கடைசிவரை பதுங்கிக் கிடக்குமா? நான்காவது செலவு: நேரம், கரண்ட், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய பாடம். ஐந்தாவதை அளக்க முடியாது, ஆனாலும் எனக்கு அதுதான் பெரிது. எல்லாம் முடிந்தபின் ஒரு குழந்தை "ஏன் 220உம் 284உம்? ஏன் 222 இல்லை?" என்று கேட்டால் பதில் இருக்குமா?

## வழி 1: காரணிகளை வரிசையாக எழுதிக் கூட்டுவது

ஆறாம் வகுப்பு முடித்த யாரும் செய்யலாம். நோட்டும் பென்சிலும் போதும். அதனாலேயே எல்லோரும் முதலில் இதில்தான் கை வைப்பார்கள், நானும் அப்படித்தான்.

பதினொன்றாவது படிக்கும்போது 1184ஐ இப்படிப் போட்டுப் பார்த்தேன். இடையில் 148ஐ எழுத மறந்துவிட்டேன். கூட்டினால் 1062 வந்தது; 1062இன் காரணிகளைக் கூட்டினால் 1278. "1184க்கு நண்பன் இல்லை" என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுவைத்தேன். 1184–1210 தான் உலகத்திலேயே இரண்டாவது சிறிய நட்பு ஜோடி என்று தெரிய வந்தபோது எனக்கு வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகியிருந்தது.

இந்த வழியின் மறைவுச் செலவு இதுதான்: விடுபட்ட காரணி சத்தம் போடாது. கூட்டலைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாலும் கூட்டல் சரியாகவே இருக்கும்.

மருந்து இரண்டு. ஒன்று, காரணிகளை ஜோடி ஜோடியாக எழுதுவது: 1 × 1184, 2 × 592, 4 × 296, 8 × 148, 16 × 74, 32 × 37. 35 × 35 = 1225 என்று 1184ஐத் தாண்டிவிடுவதால் இடதுபக்க எண் 34க்கு மேல் போக வேண்டியதில்லை. இரண்டு, மொத்தம் எத்தனை வர வேண்டும் என்று முதலிலேயே கணக்கிட்டுவிடுவது: 1184 = 2⁵ × 37, ஆக (5 + 1) × (1 + 1) = 12 காரணிகள். பட்டியலில் 11தான் இருந்தால் ஏதோ காணாமல் போயிருக்கிறது. இந்த ஒரு வரி எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கலாம்.

ஆனால் இதை வைத்துப் புது ஜோடி தேடலாம் என்று நினைக்காதீர்கள். 220க்கு அடுத்த ஜோடியைத் தொடுவதற்குள் ஆயிரம் எண்களைப் பிரித்து மேய வேண்டும். 17296க்கு வந்தால் 131 வரை வகுத்துப் பார்க்க வேண்டும். ஏழாம் எட்டாம் வகுப்புக்கு, ஒரே ஒரு பீரியடுக்கு, 220–284 மட்டும் என்றால் இதைவிட நல்லது கிடையாது. அதற்குமேல் இதை இழுத்தால் பிள்ளைகளுக்குக் கணக்கே கசந்துவிடும்.

## வழி 2: சிக்மாவைப் பெருக்கிப் பெறுவது

காரணிச் செடி போட்டு 220ஐப் பகா எண்களாக உடையுங்கள்: 2² × 5 × 11. இப்போது ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஓர் அடைப்பு:

(1 + 2 + 4) × (1 + 5) × (1 + 11) = 7 × 6 × 12 = 504

அடைப்புகளை விரித்துப் பெருக்கினால் 220இன் ஒவ்வொரு காரணியும் சரியாக ஒரே ஒரு முறை வரும். எதுவும் விடுபட வழியில்லை. இந்தக் கூட்டலில் 220உம் சேர்ந்திருக்கிறது. இதைத்தான் சிக்மா என்கிறோம். 504 − 220 = 284. அடுத்து 284 = 2² × 71, அதன் சிக்மா 7 × 72 = 504.

இரண்டுக்கும் ஒரே 504. அதுவும் 220 + 284 = 504. ஆக நட்பு எண்களை வேறு மாதிரியும் சொல்லலாம்: இரண்டு எண்களின் சிக்மாவும் சமம், அந்த எண்களின் கூட்டலுக்கும் சமம். தாளில் பதினொரு எண்களாகச் சிதறிக் கிடந்த விஷயம் ஒரே வரியில் அடங்கிவிட்டது.

என்னைக் காலை வாரிய 1184ஐயும் பாருங்கள். 2⁵ × 37க்கு 63 × 38 = 2394. 1210 = 2 × 5 × 11²க்கு 3 × 6 × 133 = 2394. 1184 + 1210உம் 2394. முப்பது விநாடி வேலை.

இங்கே பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அந்த 133. 11²க்கு 1 + 11 + 121 என்று மூன்று உறுப்பு எழுத வேண்டும். நடுவில் இருக்கும் 11ஐ விட்டுவிட்டு 122 என்று எழுதுவார்கள். வகுப்புக்குப் பத்துப் பேராவது எழுதுவார்கள். நல்லவேளையாக இந்தப் பிழை பதுங்காது. இரண்டு பக்கச் சிக்மாவும் பொருந்தாமல் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மறைவுச் செலவு, "இது பகா எண்" என்று சொல்வதற்கு முன் அதைப் பார்க்க வேண்டியிருப்பது. 1151 பகா எண்தானா என்று தெரிய 31 வரையுள்ள 11 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 73727 என்றால் 271 வரை 58 பகா எண்கள். செல்போன் கால்குலேட்டர் இருந்தாலும் பொறுமை வேண்டும்.

தனியாளாகத் தேடினால் இதுவும் சரிபார்க்கும் வழிதான். ஆனால் வகுப்பறையில் அது மாறும். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு 31 எண்கள் என்று பிரித்துக் கொடுத்தால் 1240 வரை வந்துவிடும். ஒவ்வொருவரும் தன் எண்களின் சிக்மாவிலிருந்து அந்த எண்ணைக் கழித்துப் பொதுப் பட்டியலில் எழுத வேண்டும். இரண்டு நாளில் 220–284உம் 1184–1210உம் சுவரில் இருக்கும். கூடவே 6, 28, 496 என்ற மூன்று நிறைவெண்களும் இலவசம். இந்த இரண்டாவது ஜோடி சாதாரணமானதில்லை. பல பத்து ஜோடிகளைப் பட்டியலிட்ட 18ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லரின் கண்ணிலேயே படாமல் போனது அது. 1866இல் பகனீனி என்ற 16 வயது இத்தாலியப் பையன் கண்டுபிடித்தான் (வயலின் பகனீனி வேறு). பத்தாம் வகுப்பு வயது. இதைச் சொல்லிவிட்டுப் பட்டியலைப் பிரித்துக் கொடுத்தால், ஒரு பிள்ளையும் சோம்பாது.

மூன்றாவது ஜோடி 2620–2924. தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர்; உச்சியிலிருந்து 17 மீட்டர் கீழே இறங்கினால் 2620இல் நிற்கலாம். நண்பனைப் பார்க்கத்தான் முடியாது. 2924 மீட்டருக்குத் தென்னிந்தியாவில் மலையே கிடையாது, ஆனைமுடியே 2695தான்.

## வழி 3: தாபித்தின் இரட்டிப்பு விதி

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த தாபித் இப்னு குர்ராவின் விதி இது. சூத்திரமாக எழுதினால் மிரட்டும். இப்படிச் சொன்னால் மிரட்டாது.

3இல் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போங்கள்: 3, 6, 12, 24, 48, 96, 192, 384… அடுத்தடுத்த இரண்டை எடுங்கள், உதாரணமாக 6, 12. ஒவ்வொன்றிலும் 1 குறையுங்கள்: 5, 11. இரண்டையும் பெருக்கி 1 குறையுங்கள்: 72 − 1 = 71. மூன்றும் பகா எண்களா? ஆம். பெரிய எண்ணை 3ஆல் வகுங்கள்: 12 ÷ 3 = 4. அவ்வளவுதான்: 4 × 5 × 11 = 220, 4 × 71 = 284.

24, 48ஐ எடுத்தால் 23, 47, 1151, பெருக்க வேண்டியது 16. கிடைப்பது 17296, 18416. 192, 384ஐ எடுத்தால் 191, 383, 73727, பெருக்க வேண்டியது 128. கிடைப்பது 93,63,584உம் 94,37,056உம். இவற்றில் முதல் ஜோடியை 1636இல் ஃபெர்மாவும் இரண்டாவதை 1638இல் டேக்கார்ட்டும் ஐரோப்பாவில் மறுபடி கண்டுபிடித்தார்கள். 17296ஐ 1300 வாக்கிலேயே பாரசீகத்தின் அல்ஃபாரிசியும் மொரோக்கோவின் இப்னு அல்பன்னாவும் அறிந்திருந்தார்கள்.

ஒரு பக்கத்தில் அடங்கும் விதி, ஏழு இலக்க ஜோடி, கையில் பென்சில் மட்டும். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அதனால்தான் பலரும் இதில் மயங்கி ப்ராஜெக்ட் முழுவதையும் இதன்மேல் கட்டுகிறார்கள். கட்டியபின் தெரியும் சங்கதி: கிணறு வற்றிவிட்டது. 12, 24 என்றால் 287 வரும், அது 7 × 41. 48, 96 என்றால் 95. 96, 192 என்றாலும் அதே 95. 384, 768 என்றால் 767, அது 13 × 59. இரட்டிப்பை லட்சம் முறைக்கும் மேல் தொடர்ந்து கணினிகள் பார்த்துவிட்டன. அந்த மூன்றைத் தவிர நான்காவது வரவில்லை. நம் 13இல் இது பிடிப்பது இரண்டே இரண்டு.

இன்னொரு பொறியும் உண்டு. ஆரம்பத்து 3, 6ஐயே எடுத்தால் 2, 5, 17. மூன்றும் பகா எண்கள். பெருக்க வேண்டியது 2. ஆக 20உம் 34உம் நட்பு எண்களா? 20க்குக் கூட்டினால் 22தான் வருகிறது. பெருக்கும் எண்ணில் ஏற்கெனவே 2 இருக்கிறது, மூன்று பகா எண்களிலும் ஒரு 2 வந்துவிட்டது. ஏற்கெனவே வீட்டில் இருப்பவரை விருந்தாளி என்று எண்ணியதால் வந்த பிழை.

பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்பில் பத்து நிமிடப் பேச்சுக்கு, கண்காட்சியில் ஒரு சார்ட்டுக்கு இது போதும். முழு ப்ராஜெக்டுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## வழி 4: ஆய்லரின் வழி

என் மனசு சாய்வது இந்தப் பக்கம். ஐரோப்பாவில் மூன்றே ஜோடிகள் தெரிந்திருந்த காலத்தில், 1747இல் 30 ஜோடிகள் கொண்ட பட்டியலோடு வந்தவர் ஆய்லர். அவர் தேடவில்லை, சமன்பாட்டைத் தீர்த்தார்.

இரண்டு எண்களுக்கும் பொதுவான பகுதியை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். அதை 'ம' என்போம். ஜோடி ம × ப × த, ம × ர என்ற வடிவில் இருக்கட்டும். ப, த, ர மூன்றும் பகா எண்கள், 'ம'வுக்குள் இல்லாதவை. எழுத வசதியாக க = ப + 1, ச = த + 1. இரண்டு சிக்மாவும் சமம் என்பதால் ர + 1 = க × ச. அது எண்களின் கூட்டலுக்கும் சமம் என்பதை எழுதிச் சுருக்கினால்:

(2ம − ம-வின் சிக்மா) × க × ச = ம × (க + ச)

ம = 4 என்று வையுங்கள். 2 × 4 − 7 = 1. ஆக க × ச = 4 × (க + ச). இதையே (க − 4) × (ச − 4) = 16 என்று எழுதலாம். இனி 16ஐ இரண்டாக உடைப்பதுதான் வேலை. 1 × 16 என்றால் க = 5, ப = 4; பகா எண் இல்லை. 4 × 4 என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். 2 × 8 என்றால் க = 6, ச = 12; ப = 5, த = 11, ர = 71. முடிந்தது, 220–284.

ஏன் 220 என்று கேட்ட குழந்தைக்கு இதைவிடச் சின்னப் பதில் நான் பார்த்ததில்லை: 16ஐ 2 × 8 என்று உடைக்கலாம், அதனால்.

ம = 8க்கு 64ஐ உடைக்க வேண்டும். 4 × 16 என்று உடைத்தால் 11, 23, 287 வரும். தாபித்திடம் தோற்ற அதே 287. ம = 16க்கு 256; அதை 8 × 32 என்று உடைத்தால் 23, 47, 1151. கவனித்தீர்களா? 2 × 8, 4 × 16, 8 × 32 என்று ஒரே மாதிரி உடைப்பை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் தாபித்தின் விதி. ஆய்லர் எல்லா உடைப்பையும் அனுமதித்தார். 'ம' என்பது 2இன் அடுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதையும் தூக்கி எறிந்தார்.

தூக்கி எறிந்ததால் என்ன லாபம் என்று பார்க்க ம = 92 எடுங்கள். 92 = 4 × 23, சிக்மா 7 × 24 = 168, 184 − 168 = 16. 16 × க × ச = 92 × (க + ச); நான்கால் சுருக்கினால் 4 × க × ச = 23 × (க + ச). ஆக (4க − 23) × (4ச − 23) = 529. 529 என்பது 23 × 23. வெவ்வேறு எண்களாக உடைக்க 1 × 529 ஒன்றுதான் உண்டு. க = 6, ச = 138. ப = 5, த = 137, ர = 827. மூன்றும் பகா எண்கள்! 92 × 5 × 137 = 63020, 92 × 827 = 76084. ஐந்து இலக்க ஜோடி, காபி ஆறுவதற்குள்.

இதற்கும் கழிவு உண்டு. 92 என்று எனக்கு எப்படித் தோன்றியது? விடையைப் பார்த்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். நீங்களாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான 'ம' வெறுங்கையோடு அனுப்பும். ம = 6 என்றால் இடதுபக்கம் பூஜ்யம்; 12 என்றால் எதிர்ம எண். காரணிகளின் கூட்டல் தன்னைவிடக் குறைவாக இருக்கும் எண்களைத்தான் 'ம'வாக எடுக்க முடியும்.

ம = 10இல் ஒரு பொறி இருக்கிறது; உதகை மாணவி அதில் அழகாக விழுந்தார். (க − 5) × (ச − 5) = 25; 1 × 25 என்று உடைத்தால் ப = 5, த = 29, ர = 179. எல்லாம் பகா எண்கள். 1450உம் 1790உம் புது ஜோடி என்று இரவு பதினொன்றரைக்கு மெசேஜ் வந்தது. ஆனால் 10க்குள் ஏற்கெனவே 5 இருக்கிறது. 1450 = 2 × 5² × 29, அதன் சிக்மா 3 × 31 × 30 = 2790; வர வேண்டியது 3240. தாபித்தின் 20–34இல் பார்த்த அதே வீட்டு விருந்தாளி.

நம் 13இல் இந்த எளிய வடிவம் பிடிப்பது நான்கு. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பகா எண்களாகப் பிரியும் வடிவத்தையும் (2620இல் 5 × 131, 2924இல் 17 × 43) எடுத்துக்கொண்டால் இன்னும் ஐந்து வரும். 1184–1210 இரண்டிலும் அடங்காது. ஒன்றில் 2⁵, மற்றொன்றில் 2 மட்டும்.

## வழி 5: கணினிச் சல்லடை

கூடலூர்ப் பையனுடைய வழி. ஆனால் இதிலும் இரண்டு ரகம். ஒவ்வோர் எண்ணையும் அதற்குக் கீழே பாதிவரை உள்ள எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்கச் சொன்னால், ஒரு லட்சம் வரை போக சுமார் 250 கோடி வகுத்தல். லேப்டாப் மூச்சுவாங்கும், நீங்கள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

சல்லடை வேறு. கல்யாண வீட்டில் மொய் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணும் தன் மடங்குகளின் வீட்டுக்கெல்லாம் போய், தன் மதிப்பையே மொய் எழுதிவிட்டு வருகிறது. 1 எல்லார் வீட்டுக்கும் போகும். 2 போவது 4, 6, 8… வீடுகளுக்கு. 110 போவது 220, 330, 440… வீடுகளுக்கு. சுற்று முடிந்து மொய் நோட்டைப் பிரித்தால் 220இன் வீட்டில் 284 சேர்ந்திருக்கும், 284இன் வீட்டில் 220. யாரும் யாரையும் வகுக்கவே இல்லை. ஒரு லட்சம் வரை மொத்தம் 10,66,750 கூட்டல்தான். பைத்தானில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுற்று, பத்து வரிக்குள் முடியும். கண் சிமிட்டும் நேரத்தில் 13 ஜோடியும் வந்துவிடும்.

எதையும் விடாமல் பிடிப்பது இது ஒன்றுதான். "எத்தனை இருக்கிறது?" என்ற கேள்விக்கு வேறு வழி உதவாது.

கழிவு இங்கே வேறு மாதிரி. பையன் அனுப்பிய முதல் பட்டியலில் 6–6, 28–28 எல்லாம் ஜோடியாக நின்றன. நிறைவெண்ணை ஒதுக்க மறந்துவிட்டான். அதைத் திருத்தி, எல்லையை 70,000 என்று வைத்து மறுபடி ஓட்டினான். 9 ஜோடி வந்தது. வர வேண்டியது 12. 63020, 67095, 69615 மூன்றுக்கும் நண்பர்கள் 70,000க்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், அவர்களுக்கு மொய் நோட்டே போடவில்லை. நிரல் பிழை எதுவும் காட்டாமல் அமைதியாக முடிந்தது. நான் 148ஐ விட்ட கதைதான், லேப்டாப்பில். இதற்கு எளிய காவல் ஒன்று உண்டு: 10,000க்குள் இருக்கும் நட்பு எண்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 31626 வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

கரண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மலையில் இருக்கிறீர்கள். பள்ளி ஹைடெக் லேப் கண்காட்சிக்கு முந்தின வாரம் தேர்வுக்குப் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | புது ஜோடி தருமா | 13இல் எத்தனை | பிழை தெரியுமா | தேவை |
|---|---|---|---|---|
| வரிசையாக எழுதுவது | தராது | சரிபார்க்க மட்டும் | தெரியாது | நோட்டு, பென்சில் |
| சிக்மா | வகுப்பாகச் சேர்ந்தால் தரும் | 1240க்குள் 2 | உடனே தெரியும் | காரணிச் செடி, கால்குலேட்டர் |
| தாபித் விதி | மூன்று தரும், பிறகு வற்றும் | 2 | ஓரளவு | பகா எண் சோதனை |
| ஆய்லர் வழி | தரும் | 4. விரித்தால் 9 | சிக்மா போட்டால் தெரியும் | இயற்கணிதம், ஒரு முழு மாலை |
| சல்லடை | எல்லாம் தரும் | 13 | காவல் வைத்தால் தெரியும் | கணினி, கரண்ட் |

## யாருக்கு எது?

டீச்சருக்கு நான் சொன்னது சிக்மா. முதல் நாள் ஒரு பீரியட் மட்டும் 220இன் காரணிகளை வரிசையாக எழுத விடுங்கள், நாலு பேராவது ஒன்றை விட்டுவிடட்டும். அந்த எரிச்சல் வந்தபிறகு அடைப்புப் பெருக்கலைக் காட்டினால் அது சூத்திரமாகத் தெரியாது, உதவியாகத் தெரியும். பிறகு 1240 வரை பிரித்துக் கொடுங்கள். தாபித்துக்கு ஒரு சார்ட். கண்காட்சிக்கு வரும் பெற்றோர் பாதிப்பேர் வேலை முடிந்து நேரே வருகிறவர்கள். ஒரு தாளையும் 504ஐயும் வைத்து அவர்களுக்கும் ஒரு நிமிடத்தில் புரியவைக்கலாம்.

மாணவிக்கு ஆய்லர். அதில் மட்டும்தான் ஒரு ப்ராஜெக்டுக்கு வேண்டிய ஆழம் இருக்கிறது: எந்த 'ம' பலன் தரும், எது தராது, ஏன். ஆனால் சல்லடையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், 1450 மாதிரி விருந்தாளிகளைப் பிடிக்க.

பையனிடம் "லேப்டாப்பிலேயே செய்" என்றேன். அவன் கேட்டது நியாயமான கேள்விதான். பத்து வரியில் முடிவதைக் கையால் போடச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னேன்: 13 ஜோடியையும் அச்சிட்டு, ஒவ்வொன்றையும் பகா எண்களாக உடைத்துப் பக்கத்தில் எழுது, எதில் எது பொது என்று வட்டம் போடு. மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டான். "சார், 69615லயும் 87633லயும் 819 பொதுவா இருக்கு. மீதி 5, 17, அந்தப் பக்கம் 107. ஆறையும் பதினெட்டையும் பெருக்கினா 108 வருது சார். இது ஏதோ ஃபார்முலா மாதிரி இருக்கே?"

அவனுக்கு ம = 585 கொடுத்திருக்கிறேன். 585 = 3² × 5 × 13, சிக்மா 1092. சுருக்கினால் (2க − 15) × (2ச − 15) = 225 என்று வரும். 225ஐ வெவ்வேறு எண்களாக நான்கு விதமாக உடைக்கலாம். மூன்று வெறுங்கை, ஒன்றில் ஆறு இலக்க ஜோடி இருக்கிறது, இரண்டுமே ஒற்றை எண்கள். நீங்களும் போட்டுப் பாருங்கள். கரண்ட் வேண்டாம்.